விரல் நுழையாத கட்டு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும், சமையலறையில் குடியேறியிருக்கும் ஒரு பூனையும். அங்கே நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இருமல் போயிற்றா? நாள் முழுக்க மரத்தூளில் நின்றுகொண்டு மாத்திரையைக் குறை சொல்லாதே.

ஃபோன் இங்கே எடுக்காது. சாமான் வேன் வாரம் ஒருமுறை வரும், அதன் ஓட்டுநர்தான் எனக்குத் தபால்காரர். வளைவே இல்லாத இடத்திலும் ஹாரன் அடிக்கிறார் என்பதால் அவருக்கு ஹாரன் என்றே பெயர் வைத்துவிட்டேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.

முகாம் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பிள்ளைகள் கூட்டமாக வந்து கூடாரம் அடித்துத் தங்குவார்கள். அவர்கள் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் மருந்து போடுவதும், மற்ற மாதங்களில் இடத்தைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு பூட்டு. அறுபது வயதில் முதல்முறையாக என் கதவை நானே பூட்டி நானே திறக்கிறேன். உன் வீட்டு மாடியறையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அங்கே நான் மாடியில் இருக்கிற அக்கா. இங்கே நான் பொறுப்பாளர்.

ஒரே சிக்கல். போன புயலில் கொட்டகை சரிந்து நாற்காலி, பெஞ்சு, மேஜை எல்லாம் நொறுங்கிவிட்டன. நிர்வாகக் குழுவின் செயலாளர் வந்து பார்த்தார். உட்காரக்கூட இடமில்லாத முகாம் எதற்கு, மூடிவிடலாம் என்றார். மூடினால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியறைக்குத் திரும்ப வேண்டியதுதான். அதே புயல் சாய்த்த மரங்கள் வளாகம் முழுக்கக் கிடக்கின்றன. கிடங்கில் நார்க்கயிறு குவிந்து கிடக்கிறது. "உட்காரத்தானே வேணும்? நான் செஞ்சு தரேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். ஜூலைக் கடைசியில் ஒரு பொறியாளரோடு வருவாராம். ஒன்று உடைந்தாலும் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டு முகாமையும் பூட்டுவாராம்.

சிரிக்கட்டும். வேலைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாகக் கை கால்களுக்குக் கட்டுப் போட்டவளுக்கு மரத்துக்குக் கட்டுப் போடத் தெரியாதா?

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பூனையையும் கேட்டதாகச் சொல். இருமல் இருக்கிறது, அது என்னோடு வந்தது, என்னோடுதான் போகும்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். சிரித்த சிரிப்பில் பசை டப்பா கவிழ்ந்துவிட்டது. ஆணி இல்லை, பசை இல்லை, துளை போட்டு முளை இறக்கவில்லை, வெறும் கயிறு. அதற்குப் பெயர் பெஞ்சு இல்லை அக்கா, விறகுக்கட்டு. தச்சன் வீட்டில் பிறந்துவிட்டு இப்படியா பேரைக் கெடுப்பாய்? எழுதி வைத்துக்கொள்: ஆணியோ முளையோ இல்லாத எதன் மேலும் இந்த ஜென்மத்தில் நான் உட்கார மாட்டேன்.

புதிதாக வட்ட ரம்பம் வாங்கியிருக்கிறேன். பலகையை நீட்டினால் போதும், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்குகிறது. நீ அங்கே கைவாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிரு.

வேண்டாத வேலை. அடிபட்டால் உனக்கு யார் மருந்து போடுவது? மாடியறை அப்படியேதான் இருக்கிறது. முரண்டு பிடிக்காமல் வா.

கடைசியாக ஒன்று. என் கையெழுத்தைப் பார். முத்து முத்தாக இல்லை? உன்னுடையது மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது. ஹாரனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டச் சொல்லும்படி ஆகிவிடும் போல.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ? பிப்ரவரியில் ஒரு கடிதம் போட்டேன், மார்ச்சில் ஒன்று. பதில் இல்லை. வெண்ணெய் வெட்டுவதில் அவ்வளவு மும்முரமா?

முதலில் நல்ல சேதி. மரத்தை அளந்து அறுக்கப் பழகிவிட்டேன். பட்டையை உரிக்காமல் விட்டால் அதற்குள் பூச்சி குடியிருக்கும், கட்டும் வழுக்கும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று கட்டைகளைச் சேர்த்துக் கட்டிக் கால்களாக விரித்தால் முக்காலி. இரண்டு கட்டைகளைக் குறுக்கே கட்டினால் பெஞ்சின் ஒரு பக்கத்துக் கால். இப்படி உணவுக் கொட்டகை நிறையச் செய்து போட்டிருக்கிறேன். பார்க்க எல்லாம் லட்சணமாக இருந்தன.

'இருந்தன' என்று எழுதியதைக் கவனித்திருப்பாய். போன வாரம் செயலாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். டீ கொடுத்தேன். நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு நொடி ஒன்றும் ஆகவில்லை. பிறகு கால்கள் மெதுவாக இரண்டு பக்கமும் விலகின. அவர் டம்ளரைக் கீழே விடாமலே தரைக்கு வந்து சேர்ந்தார். அந்த ஒன்றுக்காக அவரை மெச்சலாம்.

"உங்க வயசுக்கு ஏத்த வேலையப் பாருங்கம்மா" என்றார். நான் அவர் இடுப்பில் தைலம் தடவிவிட்டு, ஜூலைக் கடைசி என்று சொன்னது நீங்கள்தானே, இப்போது ஏப்ரல்தானே என்று கேட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் போன பிறகு மற்ற பெஞ்சுகளையும் ஆட்டிப் பார்த்தேன். எல்லாமே ஆடுகின்றன. கயிறு அறுந்துபோகவில்லை, கட்டை முறியவில்லை. ஏன் என்று புரியவில்லை. கேலி செய்ய வேண்டுமானால் செய்துகொள், ஆனால் பதில் போடு.

உன் அக்கா

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

நலம். கடையில் வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல். மட்டமான பேனா.

செயலாளர் விழுந்தவரைக்கும் போதும். நீ இங்கே வந்துவிடு. உடனே வந்தால் நல்லது.

தம்பி

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். உன் கடிதத்தில் நலம் என்ற சொல் மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் காணோம். என்னைக் கிண்டல் செய்யக்கூட நேரமில்லாத அளவுக்கு என்ன வேலை? நல்ல பேனா ஒன்று இதோடு வைத்திருக்கிறேன்.

வரமாட்டேன். இதை நிதானமாகவே எழுதுகிறேன். ஊரில் ஒரு வார்த்தை சொல்லுவார்கள், போனவள் போன வேகத்தில் திரும்பி வந்தாள் என்று. அந்த வார்த்தையை என் தலையில் ஏற்றிக்கொண்டு உன் மாடிப்படி ஏற மாட்டேன். செயலாளர் பூட்டுகிறவரைக்கும் இது என் கதவு.

நீ தச்சன். கயிறு உனக்குப் பிடிக்காவிட்டாலும் மரத்தின் குணம் தெரியும். நான் கட்டுவதைச் சொல்கிறேன், எங்கே தப்பு என்று சொல். செங்குத்துக் கட்டையில் முடிச்சுப் போட்டுத் தொடங்குகிறேன். குறுக்குக் கட்டையையும் சேர்த்து முன்னும் பின்னுமாகச் சுற்றுகிறேன். ஒரு சுற்றின் மேல் இன்னொன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் அழகாகப் படிய வைக்கிறேன். பிறகு இரண்டு கட்டைக்கும் நடுவே கயிற்றைக் கொடுத்து, சுற்றிய சுற்றுகளையே இறுக்குகிறேன். முடித்ததும் வழக்கம்போல் கட்டுக்குள் ஒரு விரலை நுழைத்துப் பார்க்கிறேன். தடையில்லாமல் போனால் சரி, அடுத்த கட்டுக்கு நகர்கிறேன். இதில் என்ன தப்பு?

மரம் காய்ந்து சுருங்கியிருக்குமோ என்றும் பார்த்தேன். புயலில் விழுந்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது, எலும்பாகக் காய்ந்த மரங்கள்தாம்.

உன் அக்கா

மே 19

அக்காவுக்கு,

நலம். பேனா வந்தது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை தப்பே தெரியவில்லை. இரண்டாவது தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரொம்ப நாளாயிற்று சிரித்து. என்ன ஆயிற்றோ என்று உள்ளே இருந்து உன் தம்பி மனைவி ஓடிவந்தாள்.

விரல் எதற்கு அக்கா நுழையணும்? கட்டுப் போட்ட பிறகு விரலை நுழைப்பதும், நகத்தை அழுத்திவிட்டு மறுபடி சிவப்பு ஏறுகிறதா என்று பார்ப்பதும் மனுஷனுக்கு. ரத்தம் ஓட வேண்டும் என்பதற்கு. மரத்துக்கு எங்கே ரத்தம்? ஒவ்வொரு கட்டிலும் ஒரு விரல் தளர்ச்சியை நீயே பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறாய். உன் பெஞ்செல்லாம் சௌக்கியமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஆடுகிறது.

இரக்கம் பார்க்காமல் இறுக்கு. விரல் நுழையக் கூடாது, நகம்கூட நுழையக் கூடாது.

ஆனாலும் அது விறகுக்கட்டுதான்.

தம்பி

மே 27

தம்பிக்கு,

நான் சுகமாக இல்லை. நீயும் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனேன். ஒவ்வொரு கட்டிலும் விரலை விட்டேன். அத்தனையிலும் போயிற்று. என் கைக்கு அது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அங்கேயே தரையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அவிழ்த்து மறுபடி கட்டிய முதல் பெஞ்சில் ஹாரனை ஏறி நிற்கச் சொன்னேன். நின்று ஒரு ஆட்டமும் ஆடிவிட்டு இறங்கினார். அசையவில்லை. அதற்கு நன்றி.

இப்போது நீ பதில் சொல். விரலை நுழைப்பதை நான் எழுதினேன். நகத்தை அழுத்திவிட்டுச் சிவப்பு ஏறுகிறதா என்று பார்ப்பதை நான் எழுதவில்லை. வார்டு விஷயத்தை வீட்டில் பேசுகிற பழக்கமும் எனக்கு இல்லை. அது கட்டுப் போடுகிறவளுக்குத் தெரியும், இல்லையென்றால் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறவனுக்குத் தெரியும். உன் நகத்தை யார் அழுத்திப் பார்த்தார்கள்?

ஜனவரிக் கடிதத்தை எடுத்து மே மாதக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தேன். நான் அனுப்பிய பேனாவில்தான் எழுதியிருக்கிறாய், மையே சொல்கிறது. எழுத்து இன்னும் இடது பக்கம் சாய்கிறது. பொய் சொல்லவும் ஒரு நேர்த்தி வேண்டும், உனக்கு அது மரத்தில் மட்டும்தான் உண்டு.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் திட்டுகிறேன். எழுது.

அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

சரி. மார்ச் மாதம். வட்ட ரம்பம். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் மடங்கவில்லை. போதுமா?

உன்னை வா வா என்று அழைத்தது உனக்காக இல்லை. எனக்குக் கட்டு மாற்ற வந்த நர்ஸ் ஒவ்வொரு தடவையும் "வலிக்குதா சார்?" என்றாள். நீயாக இருந்தால் கேட்டிருக்க மாட்டாய், வலிக்கும் என்று தெரிந்து பேசாமல் மாற்றியிருப்பாய். அதைச் சொல்லி அழைக்க மானம் இடம் கொடுக்கவில்லை.

கடையைப் பூட்டிவிட்டேன். சாவி உன் மாடியறையில் கிடக்கிறது. தச்சன் என்றால் கை. கை போன பிறகு கடை எதற்கு? வருகிறவர்கள் எல்லாம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கிறார்கள். உச்சுக் கொட்டுகிறார்கள். நீயும் அப்படி ஒரு கடிதம் எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

தம்பி

ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று பெட்டியில் துணியை அடுக்கினேன். அழுதுகொண்டேதான் அடுக்கினேன், அதை மறைக்கப் போவதில்லை. பூட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு துணியை எல்லாம் எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டுவிட்டேன். நான் அங்கே வந்தால் நீ நோயாளி, நான் நர்ஸ். அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இரண்டு பேரும் கிழடு தட்டிப்போவோம். உச்சுக் கொட்ட வேறு ஆளைப் பார்.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய இரண்டு கட்டைகள், அவ்வளவுதான். ஆனால் அதை நான் இடது கையால் மட்டும் கட்டினேன். ஹாரனை விட்டு என் வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். பல், முட்டி, குதிகால் எல்லாம் போட்டுப் பிற்பகல் முழுக்கப் போராடினேன். நாலு தடவை அவிழ்ந்தது. நான் பேசிய பேச்சைக் கேட்டுப் பூனை வெளியே போய்விட்டது. ஐந்தாவது தடவை நின்றது. விரல் நுழைகிறதா பார்.

ஒரு கிழவி ஒரு கையால் போட்ட முடிச்சை, பரம்பரைத் தச்சன் ஒரு கையால் அவிழ்க்க முடிகிறதா என்று தெரிய வேண்டும். கத்தி வைக்கக் கூடாது. உன் மனைவி உதவக் கூடாது.

இங்கே பாதி பெஞ்சுகளைத்தான் அவிழ்த்துக் கட்டியிருக்கிறேன். என் தோள்பட்டை பிடித்துக்கொண்டது, கையைத் தூக்கினால் வலிக்கிறது. செயலாளர் வர ஒரு மாதம்தான் இருக்கிறது. கயிற்றை இழுக்க ஆள் வேண்டும். இழுக்கத் தேவை முதுகும் காலும், அவை உனக்கு முழுசாக இருக்கின்றன என்று நினைக்கிறேன். வந்தால் வா. வராவிட்டால் நானே முடித்துக்கொள்வேன்.

உன் அக்கா

ஜூலை 6

அக்காவுக்கு,

இங்கே நலம். உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நர்ஸுக்கே வைத்தியம் சொல்கிறாயா என்று கேட்காதே.

பொட்டலம் வந்ததும் அதைத் தூக்கி மூலையில் போட்டேன். ராட்சசி, நீ மாறவே இல்லை என்று சொன்னேன். அன்றைக்குச் சாப்பிடும்போது கண் மூலைக்கே போயிற்று. மறுநாள் எடுத்துப் பார்த்தேன். விரல் நுழையவில்லை.

பல்லால்தான் அவிழ்த்தேன். உதடு கிழிந்துவிட்டது. உன் தம்பி மனைவி உதவ வந்தாள், கையை நீட்டாதே என்றேன். "அக்காவும் தம்பியும் ஒரே மண்டை" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

அவிழ்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. திரும்பக் கட்டிப் பார்த்தேன். நீ கையால் இழுக்கிறாய், அதுதான் உன் தோளுக்குக் கேடு. நான் தரையில் உட்கார்ந்தேன். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இரண்டு கால்களாலும் கட்டைகளை உதைத்துப் பின்னால் சாய்ந்தேன். உடம்பின் மொத்தக் கனமும் கட்டில் இறங்கியது. கயிறு கிறீச்சென்று கத்தியது அக்கா. மார்ச்சுக்குப் பிறகு என் கையில் ஒரு பொருள் இறுகி நின்றது அன்றைக்குத்தான்.

அந்தக் கட்டு உன்னுடையதைவிட இறுக்கம். அனுப்பினால் நம்ப மாட்டாய், நானே கொண்டுவருகிறேன். அடுத்த வேனில் இடம் சொல்லிவிட்டேன். உன் நகம் நுழைந்தால் அதே வேனில் திரும்பிவிடுகிறேன்.

ஆனால் உட்கார மாட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

தம்பி

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம், தோள் பரவாயில்லை. நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் துண்டை இங்கேயே விட்டுவிட்டாய். பூனை அதில்தான் தூங்குகிறது, திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே.

எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிட்டுச் செயலாளர் வருவதற்கு முந்தின நாள் கிளம்பினாய். கையை யாருக்கும் காட்சிக்கு வைக்க மாட்டேன் என்றாய். எனக்குக் கோபம்தான். ஆனால் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பொறியாளர் பெஞ்சுகளின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அடுக்கினார். கடைசியில் அவரும் அவருடைய ஆட்கள் இருவரும் மூட்டைக்கு மேலேயே ஏறிக் குதித்தார்கள். கயிறு முனகியது, அவ்வளவுதான். ஆணி எங்கே என்று குனிந்து தேடினார். இல்லை என்றேன். பிறகு செயலாளரை உட்காரச் சொன்னேன். "நான் நின்னுக்கறேம்மா" என்றார். அவர் நின்றபடியே டீ குடித்து, நின்றபடியே தற்காலிக அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தற்காலிகமாம். நானே தற்காலிகம்தான், யார் நிரந்தரம்? பிள்ளைகள் வரும் சனிக்கிழமை வருகிறார்கள். சாவி என்னிடம்.

அவர்கள் போனதும் எல்லாக் கட்டுகளிலும் விரல் விட்டுப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் நுழைந்தது. அது நான் கட்டியது. அவிழ்த்து, தரையில் உட்கார்ந்து, உன்னைப்போல் இடுப்பில் சுற்றிக்கொண்டு மறுபடி கட்டினேன்.

இன்னொன்று. இங்கே இருந்த நாளெல்லாம் நின்றுகொண்டு சாப்பிட்டாய், வேர் மேல் உட்கார்ந்து பேசினாய், ஒரு பெஞ்சைக்கூடத் தொடவில்லை. சாதித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பாய். கிளம்பின அன்று, நான் உள்ளே இருந்தபோது, வாசல் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வேன் வரும்வரைக்கும் உட்கார்ந்திருந்தாயாமே? அன்றைக்கு ஒருநாள் ஹாரன் ஹாரன் அடிக்காமல் வந்து பார்த்திருக்கிறார்.

உன் அக்கா

ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பூனை நலமா? துண்டை அதற்கே கொடுத்துவிட்டேன் என்று சொல்.

உட்காரவில்லை. கட்டு தாங்குகிறதா என்று பார்த்தேன். ஹாரனுக்குக் கண் சரியில்லை, சோதிக்கச் சொல்.

மாடியறையிலிருந்து சாவியை எடுத்துக் கடையைத் திறந்துவிட்டேன். வட்ட ரம்பத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறேன். வாசலில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன், கயிற்றுக் கட்டு. வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கிறார்கள், பிறகுதான் கையைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

இந்தக் கடிதத்தையும் இடது கையால்தான் எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல்லாதே.

உன் தம்பி